உரியவர்

ஹர்மாட்டான் காற்று சவெலுகுவின் மேல்
மாவுபோல் புழுதியைச் சலித்துக்கொண்டிருந்த வாரம்.
பள்ளிவாசலின் பக்கத்து அறையில்
ஜகாத் கணக்கை நான்தான் எழுதினேன்.
மூன்று பத்திகள்: பெயர், அரிசி, கைநாட்டு.
மூட்டையைப் பிடித்தபடி ஒரு புகைப்படமும் உண்டு.
கொடுத்தவர்களுக்கு அனுப்பவேண்டுமே.

மந்தீயா மூட்டையைத் தொடவில்லை.
படத்துக்கும் நிற்கவில்லை.
"அரிசி பத்து நாளில் தீரும்.
என் கடன் தீராது" என்றாள்.

இன்னும் பூக்கவே பூக்காத மரங்களின் ஷியா கொட்டைகளைப்
போன பசிமாதத்திலேயே விற்றிருந்தாள்,
யெண்டி சாலை வியாபாரிக்கு, பாதி விலைக்கு.
அவளோடு இன்னும் பதினோரு பெண்கள்.
விடியுமுன் பாம்புக்கு அஞ்சி அஞ்சிப் பொறுக்குவது இவர்கள்;
பொறுக்கும்போதே அது அவனுடையது.

ஜகாத் எட்டு வகையாருக்கு உரியதென்று
சிறுவயதில் விரல்விட்டு ஒப்பித்தவன் நான்.
கடன்பட்டோர் என்ற விரலை
இத்தனை வருஷம் மடக்கியே வைத்திருந்திருக்கிறேன்.

குழுவில் பேச்சு தடித்தது.
பன்னிரண்டு பேர் கடனுக்கு
நூற்றைம்பது மூட்டை போய்விடுமே என்றார் இஸ்ஸாஹாகு.
"நன்றி சொல்லக்கூடத் தெரியவில்லை" என்றேன் நான்.
சொன்ன வாய் மூடுமுன் உறைத்தது.
அவள் பங்கு என் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது
அறுவடை தாண்டி, ரமலான் தாண்டி.
வைத்திருந்தவனுக்கா நன்றி?
படைத்தவன் சொத்து; நான் வெறும் சாவிக்காரன்.
கடமை கடமை என்கிறோம்,
சொல்லின் வேரிலேயே கடன் இருக்கிறது.
அந்த அறையில் கடன்பட்டவர் யாரென்று
எனக்கே கணக்குக் குழம்பியது.

இஷாவுக்குப் பின் பேரேட்டில்
'பெறுபவர்' என்ற தலைப்பை அடித்து
'உரியவர்' என்று எழுதினேன்.
மை ஊறிப் பின்பக்கமும் தெரிந்தது.
படம் பிடிக்கும் பையனை வரவேண்டாம் என்றோம்.
அந்த வருஷம் அரிசி குறைந்தது உண்மை.
இரண்டு பேர் வாசலில் நின்று திட்டியதும் உண்மை.
அவர்கள் பசிக்கு என்னிடம் இன்றும் பதிலில்லை.

மறுபடி அதே காற்று.
போன வெள்ளி, குதிகால் வெடித்து,
ஷியா வெண்ணெய் வாங்கச் சந்தைக்குப் போனேன்.
தராசுக்குப் பின்னால் மந்தீயா.
சலாம் சொன்னாள். பிள்ளைகளை விசாரித்தாள்.
தெரிந்தவனாயிற்றே, கொஞ்சம் குறை என்றேன்.
ஒரு ஸெடி குறைக்கவில்லை.
எடையை மட்டும்
முள் நடுவில் நிற்கும்வரை
பார்த்துப் பார்த்துப் போட்டாள்.