ஓரிரு இடங்களில்

சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில்
இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்கிறது ரேடியோ.
அந்த ஓரிரு இடம்
மஞ்சக்குட்டையில் என் மூன்றரை சென்ட்தான்.
இருபது வளைவு கீழே அஸ்தம்பட்டியில்
மொட்டைமாடியில் துணி காய்கிறதாம்.

புரட்டாசியோடு தக்காளியைப் பிடுங்கிவிடு என்றார்கள்.
எப்படிப் பிடுங்குவேன்,
நட்டதே தாமதம்.
கோடை விழாக் கூட்டம் வடிந்து
படகு இல்லத்தில் டிக்கெட் கிழிக்கும் கை
சும்மா இருக்கத் தொடங்கிய பிறகுதான் நாற்று வாங்கினேன்.
இப்போது ஐப்பசி. கொத்துக் கொத்தாய்ப் பச்சைக்காய்.
இன்னும் முப்பது நாள் கொடு என்று
எந்த கவுன்ட்டரில் போய்க் கேட்பது?

செவ்வாய்ப்பேட்டையில் அரை இஞ்ச் குழாய் ஒன்பது வாங்கி
கண்டக்டரோடு சண்டை போட்டு
கடைசி பஸ்ஸில் ஏற்றினேன்.
ஒவ்வொரு வளைவிலும் அவை
யார் விலாவையாவது இடித்தன.
பாத்தியின் மேல் வளைத்து ஊன்றினால்
அவையும் கொண்டை ஊசிகள்தான்.

போர்த்துவதற்கு பாலிதீன் விலை கேட்டேன்,
கேட்டதோடு சரி.
சந்திப்பில் கயிறு அறுந்து தொங்கியது
பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ஃபிளக்ஸ்:
கண்ணீர் அஞ்சலி.
ஜீப் ஓட்டிய சூசைநாதன்,
ரோஜா மாலை, கூலிங் கிளாஸ்.
தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி.
முப்பதாம் நாள் பூசையும் முடிந்திருந்தது.
இரவில் கழற்றி வந்தேன்.
ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று
முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினேன்.

அன்றிலிருந்து நான் ஒரு கடை ஷட்டர்.
வெயில் எட்டிப் பார்த்தால் சுருட்டு,
மூடுபனி வந்தால் இறக்கு.
கவுன்ட்டரில் உட்கார்ந்தபடி ஏரியின் அக்கரையைப் பார்ப்பேன்.
அக்கரை மறைந்தால் இன்னும் அரை மணி.
சில்வர் ஓக் நுனிகளும் மறைந்தால்
டிக்கெட் கட்டை மாதேசனிடம் தள்ளிவிட்டு
டிவிஎஸ்ஸை உதைப்பேன்.
பாதி நாள் மழைதான் முதலில் போய்ச் சேரும்.

ஒருமுறை மூன்று நாள் விடவில்லை.
அடி இலையில் கருகல்.
கிள்ளினேன், எரித்தேன்,
புளித்த மோரைக் கரைத்துத் தெளித்தேன்.
நாலு செடி போயிற்று.
மிச்சமுள்ளவற்றுக்குத் தோற்றம் ஆடி பதினெட்டு,
மறைவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

போன வியாழன் ரெஜினா வந்தாள்,
சூசைநாதன் மனைவி.
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
திருட்டுக்கு என்ன பதில் சொல்வதென்று
நான் யோசித்து வைத்திருக்கவில்லை.
அவள் கேட்கவும் இல்லை.
குடையை மடக்கி, குனிந்து உள்ளே போய்
செடிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து
அண்ணாந்து பார்த்தாள்.
கூலிங் கிளாஸ் அவளைப் பார்த்தது.
அவன் முதுகில் மழை
சடசடவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"மழைன்னா ஜீப்பை விட்டு எறங்க மாட்டாரு.
பாலு, பேப்பரு, எல்லாத்துக்கும் நாந்தான் ஓடணும்" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நனையட்டும்."

வெளியே வந்தவள்
அவன் இடது காதுப் பக்கம் தளர்ந்திருந்த முடிச்சை
அவிழ்த்து, பல்லால் இழுத்து, இறுக்கிக் கட்டினாள்.
பச்சைக்காயாகவே ஆறு கேட்டாள், கூட்டுக்கு.
எட்டு கொடுத்தேன்.
இரண்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

கார்த்திகை பிறந்துவிட்டது.
ரேடியோவில் ஓரிரு இடங்கள்
அநேக இடங்கள் ஆகிவிட்டன.
இன்று காலை ஷட்டரைச் சுருட்டும்போது
மாலைக்கு நேர் கீழே ஒரு காயின் அடியில்
சிவப்பு என்று சொல்ல முடியாது,
வெற்றிலை போட்டு இரண்டு நாளான உதடு மாதிரி
ஒரு நிறம்.

தொடவில்லை.
தூரத்தில் சேர்வராயன் மலைமுகட்டைக் காணோம்.
பாதி சுருட்டியதை
அப்படியே மறுபடி இறக்கிவிட்டு
வேலைக்குக் கிளம்பினேன்.