நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்

தெற்குவெளி வீதியில் ஒரு குடை, ஒரு அரம்,
கொக்கியில் தொங்கும் வெட்டாத சாவிகள்.
தொலைத்துவிட்டு வருகிறவர்களை
நான் சந்தேகப்பட்டதே இல்லை என்றால் பொய்.
சிலரிடம் ஆதார் கேட்டிருக்கிறேன்,
பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவா என்றிருக்கிறேன்.
ஆனால் பூட்டையே தூக்கிக்கொண்டு வருகிறவனிடம்
என்ன கேட்பது?
போன வாரம் ஒருவன் கொண்டுவந்தான்,
திண்டுக்கல் பூட்டு, ஏழு லீவர்.
டீ ஆறுவதற்குள் திறந்து கொடுத்தேன்.

என் போன் மட்டும்
ஒன்பது தவணை கட்டி என்னுடையதான பிறகும்
காலை ஆறு மணிக்கு எழுப்பி
கடன் வேண்டுமா என்கிறது.
ரம்மி ஆடக் கூப்பிடுகிறது.
அந்தச் செயலியை அழுத்திப் பிடித்தால்
'நீக்கு' என்று வரும், சாம்பல் நிறத்தில்,
தொட்டால் ஒன்றும் நடக்காது.
முடக்கி வைத்தேன்.
அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது,
மொய் எழுதாமல்
முதல் பந்தியில் இடம் பிடிக்கும் பங்காளி மாதிரி.
பிறகு அப்டேட் நின்றுபோனது.
ரம்மி நிற்கவில்லை.

டவுன்ஹால் ரோட்டில் மாடிப்படிக்கு அடியில் தஸ்லீமா,
கீல் உடைந்த லேப்டாப்பை
சால்னா டிபனால் முட்டுக்கொடுத்துக்கொண்டு சொன்னாள்:
"உள்ள இருக்கிற சரக்கு பொதுச்சொத்துண்ணே.
யாரு வேணா படிக்கலாம், திருத்தலாம்.
வைகையும் பொதுதான்.
ஷட்டரு யாரு கையில இருக்கு?"

கம்பெனிக்கு மனுப் போட்டோம்,
என் போனை நான் திறந்துகொள்ள.
பதில் வந்தது: காத்திருக்கவும்,
நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்.
ஏழு நாள் என்று எழுதினால்
மரியாதை குறைந்துவிடுமோ என்னவோ.

அந்த ஏழு நாளில்
வில்லாபுரத்தில் ஒரு குளியலறைக் கதவு திறந்தேன்,
உள்ளே மூன்று வயதுப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.
செத்துப்போனவர் பீரோ ஒன்று, மகன்கள் நால்வரும் நிற்க.
எதற்கும் யாரும் மணிக்கணக்கு சொல்லவில்லை.

எட்டாம் நாள் திறந்தது.
படங்களெல்லாம் அழியும் என்று முன்பே சொல்லியிருந்தாள்,
இருந்தாலும்.
புதிதாக ஏற்றியது
ஊர்பேர் தெரியாத யாரோ, போலந்தோ பொள்ளாச்சியோ,
இந்த ஒரு மாடலுக்கென்று
ராத்திரி உட்கார்ந்து அளவெடுத்துத் தைத்தது.
ஆறு மணிக்கு இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.
பழக்கதோஷம், நானே விழித்துக்கொள்கிறேன்.

வங்கிச் செயலி மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டது:
இந்தக் கருவி நம்பத்தக்கதல்ல.

ஸ்கூட்டர் சாவி தொலைத்த பெண்
அட்டையை ஸ்கேன் செய்து
"போயிருச்சு பாருங்கண்ணே" என்றாள். எண்பது ரூபாய்.
நூறுக்குக் கீழே என் வங்கி மெசேஜும் அனுப்பாது.
பார்க்க எனக்கு வழி இல்லை.
அவள் முகத்தைப் பார்த்தேன்.
"வந்திருச்சும்மா."

"திரும்பப் பூட்டிடவா?" என்கிறாள் தஸ்லீமா.
"பேங்கு வரும். ரம்மியும் வரும்."
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
எத்தனை மணி நேரம் என்று
அவள் கேட்கவில்லை.