மூன்று யூனிற்

புளியந்தீவில் எனக்கு வீடுகளின் முகம் தெரியாது.
மீற்றர் எங்கே தொங்குகிறதென்று தெரியும்.

கோட்டைக்குள் நுழைந்தால்
ஒல்லாந்தர் காலத்து வளைவுக்குப் பின்னால்,
பீரங்கி பார்க்கிற திசைக்கு முதுகு காட்டி
ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
அந்தக் கல்லில் ஆணி இறங்காது.
மரச்சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
மாதம் எண்ணூற்றுச் சொச்சம் யூனிற்,
பெரும்பாலும் ஃபேன்.

அங்கிருந்து வாவிக் காற்று தள்ளுகிற பக்கம் நடந்தால்
ஒழுங்கைகள்.
பலகையில் ஒரு பெயர், ஆட்களின் வாயில் ஒரு பெயர்.
சப்பாத்துக்காரர் ஒழுங்கை.
வேதக்கோயில் குசினி திறக்கிற ஒழுங்கை.
இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால்
ஒன்று மன்னிப்புக் கேட்கவேண்டிய ஒழுங்கை;
அதற்குப் பெயரே இல்லை.

சுண்ணாம்பு உரிந்த மதில்களில்
முருகைக்கல் பல்லைக் காட்டும்.
எழுபத்தெட்டுச் சூறாவளி ஓட்டைத் தூக்கிய வீடுகளுக்குத்
தகரம்.
பிறகு வந்த வருசங்கள் துளைத்த சுவர்களுக்கு
அந்தத் துளைக்குள்ளாலேயே வயர்.
"ஏன் வீணா இன்னொரு ஓட்டை" என்றார்
வயரிங் செய்த லெவ்வைத்தம்பி,
சிரிக்காமல்.

சப்பாத்துக்காரர் ஒழுங்கை, பதினோராம் இலக்கம்.
மரப்படி வைத்த மாடி வீடு.
கேற்றில் பூட்டு, பூட்டில் துரு.
மாதக் கட்டணம் மட்டும் எங்கிருந்தோ தவறாமல் வரும்.
மீற்றர் வெளிச்சுவரில்.
ஒன்பது வருசம் ஒரே எண்: 04417.
பார்க்காமலே எழுதிவிட்டுப் போவேன்.

புரட்டாதியில் ஏனோ பார்த்தேன்.
04420.

கண்ணாடியைத் துடைத்தேன்.
கள்ள வயரா என்று மதிலைச் சுற்றிவந்தேன்.
ஓட்டு முகட்டில் ஒரு காகம்
என்னைக் கணக்கெடுத்தது.

பக்கத்து வீட்டு டெரிக் செல்லர்,
இந்த ஒழுங்கையில் இன்னும் சப்பாத்துத் தைக்கிற ஒரே ஆள்,
ஊசியைப் பல்லில் கடித்தபடி சொன்னார்:
"மகன்காரன் வந்தான். ஒரு ராத்திரி.
விக்கிற எண்ணம்.
எல்லா லைற்றையும் போட்டு
வாங்க வந்தவங்களுக்கு அறை அறையாக் காட்டினான்.
அவங்க போன பிறகும் அணைக்கல்ல."

"பிறகு?"

"படி உக்கிப்போய்க் கிடந்திருக்கு.
கால் உள்ளுக்குப் போய்
சப்பாத்து அடி கழண்டிட்டு.
விடியக் கொண்டு வந்தான். ஒட்டிக் குடுத்தன்.
காசு கூடத்தான் தந்தான்."

விற்றானா, இல்லையா,
செல்லர் கேட்கவில்லை.
எனக்கு அது தேவையில்லாத விவரம்.

ஆனாலும் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
எட்டு அறை, நாற்பது வாட்ஸ் குமிழ் என்றால்
மூன்று யூனிற்றுக்கு
ஒன்பதரை மணித்தியாலம் வரும்.
பொழுதுபட்டு ஆறரையிலிருந்து
கோழி கூவுகிற நாலு மணி வரை.
அல்லது ஆறு அறை, ஒரு ஃபேன்.
அல்லது என் கணக்குப் பிழை.

பில்லை மடித்துக் கேற்றுக்குக் கீழால் தள்ளினேன்.
வெள்ளத்தில் ஊறிக் கட்டியாகிப்போன
பழைய பில்களின் மேல்
அது மட்டும் வெள்ளையாய்க் கிடந்தது.

அடுத்தது பதின்மூன்று.
பன்னிரண்டு இந்த ஒழுங்கையில்
ஒருநாளும் இருந்ததில்லை.