கயிற்றுக்குக் கீழே

எருதுத்தோலைப் பின்னிய கயிறு
எத்தனையோ உள்ளங்கைகளின் பிசுக்கேறி
விலாங்கு போல் மினுங்கியபடி
மடத்திலிருந்து இறங்கி வந்தது.
நீ இடுப்பில் கட்டிக்கொண்டாய்.
செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தாய்.

பாதிப் பாறையில் ஒருமுறை கால் வழுக்கினாய்.
நான் கத்தவில்லை.
செருப்பை இறுக்கிப் பிடித்தேன்
அதில்தான் நீ தொங்குவது போல.

பெண்கள் ஏறக்கூடாது.
ஆயிரம் வருடத்துக்கு மேலான சட்டம் என்றார் காவலர்,
நேற்றுத் தானே போட்டதுபோல்
கூச்சத்தோடு.

காட்டு ஒலிவ மரத்தடியில்
வாற்கோதுமை வறுத்துக்கொண்டிருந்த அப்ரெஹெத்
நகர்ந்து இடம் விட்டாள்.
இருபது வருடமாக அவள்தான்
மேலே போகும் தானிய மூட்டைகளுக்கு
முடிச்சுப் போடுகிறாள்.
அவிழ்க்கும் விரல்களைப் பார்த்ததில்லை.
காலி மூட்டையில் சிலசமயம்
ஒரு முடிச்சு அறுக்கப்பட்டிருக்கும்.
"பொறுமையில்லாத சாமியார் ஒருவர் இருக்கிறார்"
என்றாள்.

டிரைவர் செனாய் மொழிபெயர்த்தான்,
சில இடங்களில் சிரிப்பை மட்டும்.

காளை போகலாம், பசு கூடாது.
கிடா போகலாம், பெட்டை ஆடு கூடாது.
சேவல் போகலாம்.
"விடிந்தால் எழுப்ப ஆள் உண்டு,
முட்டைதான் கிடையாது."

உச்சி வெயிலில் மீண்டும் கயிறு அசைந்தது.
நீ அல்ல, ஒரு சுரைக்குடுவை.
வாயில் இலை வைத்துக் கட்டியிருந்தது.
தேன்.
மேலேயே கூடு கட்டியிருக்கிறதாம்,
கோயில் சுவரின் கிழக்குப் பொந்தில்.

அப்ரெஹெத் விரலை விட்டு நக்கினாள்.
என் பக்கம் நீட்டினாள்.
மலையை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:
"அப்படியென்றால் ஒருத்தி இருக்கிறாள்."

செனாய்க்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.
எனக்கு அவன் சொல்வதற்கு முன்பே புரிந்துவிட்டது.

ஒருத்தியா, என்றேன்.
பூவுக்குப் போகிறவள், மெழுகு கட்டுகிறவள்,
வாசலில் காவல் நிற்கிறவள்,
அத்தனை பேரும் பெண்கள்தான்.
ஆண் ஈக்கு அங்கே
உட்கார்ந்து தின்பதைத் தவிர
பெரிதாக வேலை கிடையாது.

இதை மொழிபெயர்க்க மாட்டேன் என்றான் செனாய்.
பிறகு தலையைக் குனிந்துகொண்டு
மொழிபெயர்த்தான்.
வறுகடாயில் தானியம் கருகும்வரை சிரித்தோம்.
காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
அவர் தோளும் குலுங்கியது.

மாலையில் நீ இறங்கினாய்.
முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.
மர விதானத்தில் செதுக்கிய யானை, ஒட்டகம்,
பாசி படர்ந்த குளம்,
உன் தலையில் கைவைத்த கண் தெரியாத துறவி,
எல்லாம் சொன்னாய்.
உள்ளே ஒரே இருட்டு,
நல்லவேளை மெழுகுவர்த்தி இருந்தது என்றாய்.

ஆமாம், நல்லவேளை, என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு முகம் சுளித்தாய்.
வாரில் ஏதோ பிசுபிசுக்கிறதே என்றாய்.
வண்டிவரை நடந்தோம்.
எறும்பு ஒன்று உன் காலில் ஏறியது.
சொல்லவில்லை.