ஈறுகெட்ட எதிர்மறை

இருபது வருசமாக என் மூச்சு
ஒரு ரப்பர் குழாய் வழியே வருகிறது.
மேலே வள்ளத்தில் களஞ்சியம் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள,
கீழே ஏழு பாகத்தில் நான்
குழாய் முனையைக் கவ்விக்கொண்டு சங்கு தடவுவேன்.
கைகளுக்கு அங்கே வேறு சோலி.
பல்தான் பிடி.

போன வைகாசியில் ஒரு நாள் மேலேறிக்
குழாயைத் துப்பினேன்.
முனையில் மீன் செவுள் நிறத்தில் ரத்தம்.
"மூக்கு உடைஞ்சிருக்கும்" என்றான் களஞ்சியம்.
மூக்கு இல்லை. காலையில் பல் விளக்கும்போதும் அதே ரத்தம்தான்.
வலித்திருந்தால் பார்த்திருப்பேன்.
வலிக்கவில்லை.
ஜெமிலா மட்டும் கொஞ்ச நாளாக
முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறாள்.
கேட்டேன்.
"கருவாட்டுக் கிட்டங்கி" என்றாள்,
சுவரைப் பார்த்து.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, பல் பிரிவு.
டாக்டர் மங்களேஸ்வரி கேட்டார்:
"சீனி இருக்கா?"
"என் பேரே சீனிதான் டாக்டர்.
சீனியப்பா தர்காவுல நேர்ந்து வச்சது."
சிரிக்காமல் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்.
இருநூற்று எண்பது.
பேர் உடம்புக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

பிறகு ஒரு மெல்லிய கம்பியை
ஒவ்வொரு பல்லோரமும் இறக்கினார்,
கயிறு விட்டு ஆழம் பார்ப்பதுபோல்.
நாலு. ஐந்து. ஐந்து. ஏழு.
நர்ஸ் எழுதிக்கொண்டே போனாள்.
"மூணுக்குள்ள இருக்கணும்."
"ஏழு பாகமா டாக்டர்?"
"மில்லிமீட்டர்.
அந்தப் பள்ளத்துல கிருமி குடியிருந்து
எலும்பக் கரைச்சுக்கிட்டு இருக்கு."

கடல் காற்றா, உப்புத் தண்ணியா, குழாயா?
குழாய் வெறும் கூட்டாளி என்றார்.
கீழுதட்டில் அதக்கிய புகையிலை,
அலுப்பில் வாய் கொப்பளிக்காமல் படுத்த ராத்திரிகள்,
துலக்காத அழுக்கு நாள்பட இறுகிய காரை,
எல்லாவற்றுக்கும் எண்ணெய் வார்த்த சீனி.
ஈறு கெட்டால் சீனி ஏறும்,
சீனி ஏறினால் ஈறு கெடும்.
எது முதலில் என்று அவரும் சொல்லவில்லை.

"சுத்தம் பண்ணுனா பல்லு ஆடும்ங்கிறாங்களே?"
"ஏற்கனவே ஆடுதுங்க.
காரை முட்டுக் கொடுத்து மறைச்சு வச்சிருக்கு."

ஊசி. உதடு மரத்தது.
தண்ணீர் பீச்சும் கருவி கிர்ரென்றது.
வள்ளத்து அடியில் கொட்டலசு சுரண்டும் சத்தம்
என் மண்டைக்குள்.
கிண்ணத்தில் கறுப்புச் சில்லுகள்.
"கொட்டலசு" என்று காட்டினேன்.
"வள்ளத்துக்குப் பலகை மாத்தலாம்" என்றார்,
"கரைஞ்ச எலும்பு வராது.
மிச்சத்தக் காப்பாத்தலாம்."

நாலு தடவை போனேன்.
கீழ்வலது ஈறைக் கீறித் திறந்து, துடைத்துத் தைத்தார்.
ஒரு கடைவாய்ப் பல் நிற்கவில்லை.
பஞ்சைக் கடித்தபடி பஸ் ஏறினேன்.

ஒன்பதாவதோடு கடலுக்கு வந்தவன் நான்.
தமிழய்யா ஏற்றியதில் ஒன்றுதான் மிச்சம்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
ஈறுகெட்டவன் எவன்டா என்று
பின்பெஞ்சு சிரிக்கும்.
ஆடாத பல். கடைசி எழுத்து கெட்டால் ஆடாப் பல்.
ஜன்னலோரம் சொல்லிப் பார்த்தேன்.
மரத்த உதட்டில்
'ப்' நிற்கவில்லை.

மூன்று மாதம் குழாய் கவ்வக் கூடாது.
சீனிக்கு மாத்திரை, புகையிலைக்கு முழுக்கு,
பல்லிடுக்குக்கு ஒரு குட்டிப் பிரஷ்.
புட்டி கழுவுவதுபோல் இருக்கிறது.
ஜெமிலா பார்த்துவிட்டு
தனக்கும் ஒன்று கேட்டாள்.

இப்போது கம்ப்ரசர் பக்கத்தில் நான்,
கீழே களஞ்சியம்.
மேலேறியவன் குழாயை என் மடியில் எறிந்தான்.
முனையைத் திருப்பி வெயிலில் பிடித்தேன்.
"என்னத்தடா பாக்குற?"
"சங்கு கிடக்கட்டும்" என்றேன்,
"வாயைத் திற."