நாலு அங்குலம்

தோல்மண்டிச் சந்துக்கு
வரிப் பதிவேட்டில் இருபத்தேழு பக்கம்.
எனக்கு முன்னால் மூன்று பேர் எழுதியது.

ஊதா மைக்காரர்
'மண்சுவர், நாட்டு ஓடு, குடியிருப்பு' என்று
ஒரே மூச்சில் ஒன்பது வீட்டை முடித்திருக்கிறார்.
வேலூர் வெயில். உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டார்.
அடுத்தவர் பச்சை மை.
ஒவ்வொரு ஓட்டையும் அடித்துவிட்டு
மேலே 'மெத்தை' என்று எழுதியவர்.
மூன்றாமவர் எதையும் அடிக்கவில்லை,
ஓரத்தில் மாடிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்.

பதினொன்றாம் எண்:
சுபுஹான் சாயபு தோல் கிடங்கு.
பிறகு அச்சாபீஸ்.
பிறகு நாலு வருஷம் 'பூட்டு'.
இப்போது லாட்ஜ். வங்காளத்தில் போர்டு,
இருபத்துநாலு மணி நேர வெந்நீர்,
ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம்.
மழை பெய்தால் கீழ்த்தளத்தில் ஒரு வாடை கிளம்பும்.
மேனேஜர் சாக்கடையைத் திட்டிவிட்டு ஊதுவத்தி கொளுத்துவார்.
அது ஆவாரம்பட்டை ஐயா, ஆட்டுத்தோல்,
பக்கம் ஆறில் இருக்கிறது
என்று நான் சொன்னதில்லை.

பன்னிரண்டை, துக்காராம் ராவ் வாரிசுகள் விற்றதை,
இரண்டே நாளில் இடித்தார்கள்.
இடித்த பிறகும் வீடு
பதின்மூன்றின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது:
அடுப்புக் கரி,
எங்கும் போகாமல் ஏறி நின்ற படிக்கட்டுத் தடம்,
மயில்கழுத்து நிறத்தில் ஓர் அறை,
ஆள் எட்டாத உயரத்தில் ஆணி,
ஆணியில் காலண்டர், மார்ச் மாதம்.

லாட்ஜ் இரண்டாம் மாடி ஜன்னலில்
பாங்குராவிலிருந்து வந்த ஹரிபத மாஜி.
மனைவிக்குத் தலையில் ஆபரேஷன்.
வார்டில் அவருக்கு மாலை ஒரு மணி நேரம்தான்.
மிச்சத்துக்குச் சுவர்.

நோட்டோடு நான் போனபோது
இந்தியும் கையுமாகச் சொன்னார்:
கரிக்குக் கீழே ஸ்டவ்வை வைத்துவிட்டேன்.
படி செங்குத்து, அவள் ஏற மாட்டாள்,
அதனால் கட்டில் கீழேயே, அந்த நீல அறையில்.
காலண்டர் இருக்கட்டும்.
வாடகை எவ்வளவு கேட்பார்கள்?

சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும்.
கையில் பேனா திறந்திருந்தது,
'காலிமனை' என்று எழுத வேண்டிய கட்டம்.
மை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் தூண் எழும்பியது.
எட்டு மாதத்தில் ஐந்து மாடி,
கீழே மருந்துக்கடை, ஸ்கேன் சென்டர்.
மாஜி அதற்குள் அறையைக் காலி செய்திருந்தார்.
அந்த அம்மாள் நடந்து போனாரா என்று
மேனேஜரைக் கேட்டேன்.
எந்த மாஜி என்றார்.

நேற்று பாரஸ்மல் மகன் ஆபீசுக்கு வந்து
பில்லை மேஜையில் போட்டான்.
பத்திரத்தில் இருக்கிற அகலம் உள்ளே இல்லையாம்,
இல்லாத இடத்துக்கு ஏன் வரியாம்.
போய் டேப் பிடித்தேன்.
அவன் சுவருக்கும் பதின்மூன்றின் சுவருக்கும் நடுவே
கை நுழையாத இருட்டு.
டார்ச் அடித்தால் கொஞ்ச தூரம் நீலம் தெரிகிறது.

நாலு அங்குலம் குறைகிறது என்றான்.
ஆமாம், குறைகிறது.