வெற்று இழுப்பு

மணல்விளைக் கோயில் மணியைப்
புதிதாய் ஒருவன் இழுத்தால் பயந்துபோவான்.
முதல் மூன்று இழுப்புக்கு ஒன்றும் கேட்காது.
கயிறு உள்ளங்கையைத் தின்னும்,
மேலே உத்திரம் முனகும்,
வௌவால் ஒன்று இடம் மாறும்.
நாலாவதில்தான் நாக்கு போய்த் தொடும்.
பத்தொன்பது வருஷமாக நான் இங்கே கோயில்குட்டி.
எனக்கு அது தெரியும், ஆண்டவரே.
தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய், வியாழன், சனி
தங்கபுஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு
முதல் பஸ்ஸில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
நாலு மணி நேரம் அவள் ரத்தம் வெளியே போய்க்
குளித்துவிட்டுத் திரும்பி வரும்.
நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கூடாது
என்றுவிட்டார் டாக்டரம்மா.
அரை லிட்டர்,
தேரிக்காட்டு வைகாசியில்.
இருமல் மருந்து மூடியில் அளந்து கொடுக்கிறேன்.
அவள் அதை வாய்க்குள் வைத்திருந்து விழுங்கும்போது
நான் வேறெங்கோ பார்க்கிறேன்.

அடுக்கி ஜெபிக்க எனக்கு வராது.
அது உபதேசியார் வேலை.
நீர், உம்மை என்பதெல்லாம்
எங்களுக்கு வேதத்தில் படித்த பேச்சில்லை,
வீட்டுப் பேச்சு.
டீக்கடையில், ‘என்னவே, சத்தத்தையே காணோம்’ என்று
கேட்கிற வாயால்தான்
பீடத்தைப் பெருக்கும்போதும் கேட்கிறேன்.
ஒருநாள் அந்த ‘வே’
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
விழுங்கிக்கொண்டேன்.
உமக்குக் கேட்டிருக்கும்.

பெரிய வெள்ளிக்கு இங்கே மணி கிடையாது.
கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடுவேன்.
இந்த வருஷம் ஐந்தாம் வார்த்தைக்கு
ஐயர் வந்ததும் தங்கபுஷ்பம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
தாகத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்,
நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.
குற்றம் சொல்லவில்லை, வெயில் அப்படி.
அவள் என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:
‘அவருக்குக் காடிதான கெடச்சுது.
எனக்கு நல்லதண்ணியில்லா.’
நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.
வேப்பமரத்தடியில் நிற்கும்போதுதான் உறைத்தது,
அதற்கு முந்தின வார்த்தைக்கும்
மேலேயிருந்து பதில் வந்ததாக
எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அசனத்துக்கு இந்தத் தடவை இருபத்தெட்டு மூட்டை அரிசி.
ஊர் உண்டு, பக்கத்து ஊர் உண்டு,
தூக்குச்சட்டியில் வாங்கிப்போவோரும் போனபிறகு
வார்ப்பு கழுவ வருகிறவன் நான்.
அடியில் ஒட்டிய சோறு, சாம்பாரில் ஊறினது,
சுரண்டினால் ஒரு கை வரும்.
அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.
பந்தியில் இடம் கேட்கவில்லை, ஆண்டவரே.
விசா கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்,
மாப்பிள்ளை, கோர்ட்டுத் தீர்ப்பு,
ராஜகிளி டீச்சருக்கு டிரான்ஸ்பர்.
எல்லாருக்கும் பரிமாறிவிட்டு வாரும்.
வார்ப்பில் தண்ணீர் ஊற்றுமுன்
இந்தப் பக்கம் ஒரு தடவை பாரும், அவ்வளவுதான்.

கோயில் காம்பவுண்டை ஒட்டித்தான் எங்கள் வீடு.
தாகத்தில் அவளுக்கு உறக்கம் கிடையாது.
நேற்று சொன்னாள்:
‘ஊருக்கெல்லாம் நாலாவதுதான் கேக்கும்.
எனக்கு மொத இழுப்புலயே தெரிஞ்சுரும்,
உத்திரம் மொனங்கும்லா.’

அதிலிருந்து நானும் காது கொடுத்துப் பார்க்கிறேன்.
முனகல் கேட்கத்தான் செய்கிறது.
பழைய தேக்கு, துருப்பிடித்த ஆணி.
வேறொன்று என்று சொல்ல
எனக்குத் தைரியமில்லை.

நாளைக்குச் சனி.
நாலரைக்கு மணி அடித்தால்
ஐந்தே காலுக்கு பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.
கயிறு பனியில் நனைந்திருக்கும்.
இது எத்தனையாவது இழுப்பென்று
உமக்குத்தான் தெரியும்.
கையைத் துடைத்துக்கொண்டு பிடிக்கிறேன்.